‘அங்காலை’ என்றொரு பிரிவு

1

சனிக்கிழமைகளில் தமிழ்க்கடைக்குப் போவது மரக்கறி வாங்க மட்டுமல்ல, கேள்விகளுக்குப் பதில் சொல்லவும்தான். போன கிழமை முருங்கைக்காய்க் கட்டோடு வரிசையில் நின்றேன். பின்னால் நின்றவர் சிரித்தார். ஒஸ்லோவிலிருந்து இங்கே பேர்கனுக்கு மகளைப் பார்க்க வந்தவராம்.

“தங்கச்சி யாழ்ப்பாணமோ?”

“ஓம்.”

“யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?”

“சண்டிலிப்பாய்ப் பக்கம்.”

“பக்கம் எண்டால்?”

ஊரின் பெயரைச் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. அந்த ஊருக்குப் புகையிலை வாங்க வந்து போனவராம், வாசிகசாலைச் சந்தியில் தேத்தண்ணீர் குடித்தவராம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு கேட்டார்.

“அதிலை எவ்விடம்?”

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. முதற் கேள்விகள் ஊரைக் கேட்பவை. கடைசிக் கேள்வி ஆளைக் கேட்பது. ஊருக்குள் எந்தக் குறிச்சி, எந்த ஒழுங்கை என்று தெரிந்துவிட்டால் நான் ‘என்ன ஆக்கள்’ என்பதை அவரே கணக்குப் பார்த்துக்கொள்வார். நாங்கள் எல்லாரும் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, எத்தனையோ நாட்டு விமான நிலையங்களில் படுத்தெழும்பி வந்தோம். இந்தக் கேள்விக்கு மட்டும் விசா தேவைப்படவில்லை.

“பஸ் வந்திட்டுது” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் வரவில்லை. நான் காரில்தான் போயிருந்தேன்.

பேர்கனில் மழை பெய்யாத நாளைத்தான் மனிதர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அன்றும் மழை. காரில் ஏறி இருந்து கண்ணாடியைத் துடைத்தபோது, எங்கள் ஊர் இணையத்தளம் தொடங்கி ஒரு வருடமாகிறது என்பது நினைவுக்கு வந்தது. அதைப்பற்றி எழுதவேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டு. களைப்பு விடவில்லை. இது உடம்புக் களைப்பில்லை.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது என் மாமிக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்பவர்களுக்கு, “மருமகள் கொம்பியூட்டரிலை என்னவோ அடுக்கிறா” என்று சொல்லுவா. அதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை.

பெயர் தகவல் கட்டமைப்பு. ஒரு பெரிய கடையில் எந்தச் சாமான் எந்த றாக்கையில் இருக்க வேண்டும், றாக்கைக்கு மேலே என்ன பெயர் எழுத வேண்டும் என்று யாராவது யோசிக்க வேண்டுமல்லவா? இணையத்தளங்களுக்கு அதை யோசிப்பவள் நான். தொழிலின் முதற் பாடம் சின்னது. கடைக்காரன் நினைக்கிறபடி அடுக்காதே, வாங்க வருகிறவன் தேடுகிறபடி அடுக்கு. அவன் சொல்லும் சொல்லையே மேலே எழுது.

படிக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதலில் ஆட்களைக் கண்டு கதை, பிறகு அட்டைகளில் விடயங்களை எழுதிக் கொடுத்து அவர்களையே பிரித்து அடுக்கச் சொல், ஒவ்வொரு குவியலுக்கும் அவர்களையே பெயர் வைக்கச் சொல், பிறகு வரைந்து பார், சோதித்துப் பார். வேலைக்கு வந்த பிறகுதான் விரலுக்குத் தக்க வீக்கம் என்பது விளங்கியது. நகரசபைக்குச் செய்தபோது மாதக்கணக்கில் நேரம் தந்தார்கள். குப்பை வண்டி எந்த நாள் வரும் என்று பார்க்க வந்த மனிதரை ‘தொழில்நுட்ப சேவைகள் பிரிவு’க்குள் தள்ளிவிட்டு, அதுதான் சரி என்று சண்டை பிடித்த அதிகாரிகளோடு அந்த மாதங்கள் போயின. ஒரு பல்வைத்தியருக்குச் செய்தபோது ஒரு நாள்தான் கிடைத்தது. ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை. வரவேற்பில் இருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, தொலைபேசியில் சனம் என்ன கேட்கிறது என்று காதைக் கொடுத்தேன். அந்தத் தளம்தான் நான் செய்ததில் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒரு கப்பல் கம்பனியில் எல்லாவற்றையும் மேலிடம் ஏற்கனவே தீர்மானித்து வைத்திருந்தது. அங்கே நான் பெயர்ப்பலகைகளை மட்டும் மாற்றிவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆக, முறை ஒன்று, நிலைமை வேறு. எதைக் குறைத்தாலும் உயிர் போகாமல் குறைக்கத் தெரிந்தவர்தான் இந்த வேலையில் நின்றுபிடிப்பார். அந்த வித்தை எனக்குக் கைவந்துவிட்டது என்றுதான் இருந்தேன்.

3

நோர்வேயில் இருக்கும் எங்கள் ஊர்க்காரரின் ஒன்றியத்துக்குச் செயலாளர் சிவநேசன் அண்ணை. ஓய்வுபெற்ற மனிதர். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் விறைத்த விரல்களோடு தொடங்கி, பேர்கனில் பஸ் ஓட்டி முடித்தவர். ஒன்றியத்தின் வெள்ளிவிழா வரப்போகிறது என்று ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, விழாவுக்கு முந்தி ஊருக்கு ஒரு வெப்சைட் வேணும். எங்கடை சனம் உலகமெல்லாம் சிதறிப் போச்சு. ஆர் எங்கை இருக்கினம், ஆர் காலமாகிட்டினம் எண்டு பாக்கக்கூடிய மாதிரி. நீர் உந்த வேலைதானே செய்யிறனீர்?”

“காசு ஏதும் ஒதுக்கியிருக்கிறியளே அண்ணை?”

“ஊருக்குச் செய்யிறதுக்குக் காசோ?” என்று உண்மையாகவே திகைத்தார்.

நிரல் எழுத ஒருவர் வேண்டும் என்றேன். யோகனைக் கேட்கச் சொன்னார். யோகன் எங்கள் ஊர்தான், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். வங்கி ஒன்றில் மென்பொருள் வேலை. அதிகம் கதைக்காத பெடியன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவனுடைய தகப்பன் கந்தையா ஊரில் காலமாகியிருந்தார். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வைத்து ஊர்த் தோட்டங்களை எல்லாம் உழுதவர். செய்தி வந்த அன்று யோகன் வீட்டுக்குச் சாப்பாட்டுப் பானையோடு முதலில் போனவர் சிவநேசன் அண்ணை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

யோகன் கேட்டவுடன் ஓம் என்றான். அவ்வளவு வேகமாக ஒத்துக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் பெயரில்தான் முட்டினோம். இந்த நாட்டில் எல்லாப் பட்டியலும் குடும்பப் பெயரால் ஓடும். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயரைப் பின்னால் போட்டுக்கொண்டு வந்தோம், அதையே குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். வரி அலுவலகம், வைத்தியசாலை, மகளின் பாடசாலை எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். மனிதர் ஊருக்குப் பக்கத்துப் பலாலியில்கூட விமானம் ஏறியதில்லை. ஆனால் நோர்வேயில் அவருக்குப் பல்லுப் பிடுங்கிய கணக்குக்கூட இருக்கிறது.

எனவே குடும்பப் பெயரால் அடுக்க முடியாது. வேறு எப்படி? ஊர்ச்சனத்தையே கேட்போம் என்றேன். ஊர்ச்சனம் எல்லாம் ஒரே இடத்தில் கூடுவது செத்த வீட்டுக் காரியங்களில்தான். அடுத்த மாதம் ஒருவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வந்தது. வாடகைக்கு எடுத்த தேவாலய நிலக்கீழ் மண்டபம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயாசம். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றத் தொடங்கியதும் நானும் யோகனும் ஒரு மூலை மேசையில் அட்டைகளைப் பரப்பினோம். ஊரில் வாழ்ந்து மறைந்த மனிதர்களின் பெயர்கள், அட்டைக்கு ஒன்று. அவற்றைத் தயாரித்தவன் யோகன்.

சிவநேசன் அண்ணையும், ஊரில் தபாற்கந்தோரில் இருந்த மணியம் மாமாவும், இன்னும் இரண்டு பேரும் வந்து இருந்தார்கள்.

“நீங்கள் இவையைத் தேடிறதெண்டால் என்னெண்டு தேடுவியள்? அப்பிடிப் பிரிச்சு வையுங்கோ” என்றேன்.

முன்னூற்றுநாலு சீட்டு விளையாடிப் பழகிய கைகள். யோசிக்கவே இல்லை. நகரசபைத் தளத்துக்குச் செய்தபோது நோர்வேக்காரர் ஒவ்வோர் அட்டையையும் மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தடுமாறினார்கள். இங்கே கொஞ்ச நேரத்தில் நாலு குவியல். மூன்று குவியல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நாலாவது ஒரு சாண் தள்ளி, மேசையின் ஓரத்தில்.

“இதுக்கு என்ன பேர்?”

“வடக்குக் குறிச்சி.”

“இது?”

“கோயிலடி. மற்றது வாசிகசாலையடி.”

“இந்த நாலாவது?”

சிவநேசன் அண்ணை வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தார். மணியம் மாமா கையை அந்தப் பக்கமாக மெல்ல வீசி, “அது… அங்காலை” என்றார்.

“அங்காலை எண்டால்?”

“உமக்குத் தெரியும்தானே பிள்ளை” என்று சிரித்தார்.

யோகன் மடிக்கணினியில் எழுதிக்கொண்டு இருந்தான். என் பக்கம் திரும்பாமல், மற்றவர்களுக்கு விளங்காதபடி நோர்வே மொழியில், “‘அங்காலை’ என்றே எழுதவா?” என்று கேட்டான். நான் அந்தக் குவியலை எடுத்துப் பார்த்தேன். மேலே இருந்த அட்டையில் கந்தையா என்று எழுதியிருந்தது.

4

திரும்பும்போது யோகன் என் காரில்தான் வந்தான். கார் பாலத்தில் ஏறியபோதுதான் பேச்சை எடுத்தான்.

“அக்கா, உங்கடை சோதனை சரியாத்தான் வேலை செய்திருக்கு” என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“நீ ஏன் உந்த வேலைக்கு ஓம் எண்டனீ?”

மழைத் துடைப்பானைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அப்பா ஊரிலை எல்லாற்றை காணிக்குள்ளையும் இறங்கினவர். ஒருத்தற்றை வீட்டு விறாந்தையிலையும் இருந்ததில்லை. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம் அக்கா. மற்றவையின்ரை பேரோடை அவற்றை பேரும் வரிசையிலை வரவேணும். முதலும் வேண்டாம், கடைசியும் வேண்டாம். அகரவரிசையிலை எங்கை வருமோ அங்கை.”

எங்கள் தொழிலில் அகரவரிசை என்றால் ஒரு இளக்காரம். யோசிக்கத் தெரியாதவன்தான் அகரவரிசையில் அடுக்குவான் என்று படிப்பித்தவர்களே சொன்னதுண்டு. அதற்கு மனிதரைப் பற்றி எதுவும் தெரியாதாம். அன்றைக்குப் பாலத்துக்கு மேலே அதுவே எனக்கு அதன் பெருமையாகப் பட்டது. க-வுக்குப் பிறகு ங என்பதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. யார் வீட்டுக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளலாம் என்று அதற்குத் தெரியாது.

ஆனால் தொழிலின் முதற் பாடம் என்ன? தேடுகிறவன் தேடுகிறபடி அடுக்கு. என் பாவனையாளர்கள் எப்படித் தேடுவார்கள் என்பதை நாலு குவியலாக எனக்குக் காட்டிவிட்டார்கள். நான் நம்பிச் சோறு தின்கிற முறை அது. அது என்னைக் கொண்டுபோய் ‘அங்காலை’க்கு முன்னால் நிறுத்திவிட்டது. வீட்டுக்குப் போய்க் கட்டிலில் விழுந்தேன். எங்கள் பிள்ளைகள் ஊரை மறந்துபோகிறார்கள் என்று மேடைக்கு மேடை அழுகிறோம். மகள் ஆரணிக்கு ஊரில் எத்தனை குறிச்சி என்று தெரியாது. அந்த மறதிக்காக அன்று முதல்தடவையாகச் சந்தோசப்பட்டேன். நாங்கள் செய்யப்போகும் தளம் அவளுக்கு அதை வடிவாகப் படிப்பித்துவிடும், அதுவும் தாய் அடுக்கிய அடுக்கில்.

5

ஒன்றியத்தின் கூட்டம் சூமில் நடந்தது. சிவநேசன் அண்ணை நெற்றி மட்டும் தெரியும்படி கமராவை வைத்திருந்தார்.

“குறிச்சி கட்டாயம் வேணும் பிள்ளை. குறிச்சியை அமத்தினால் அந்த ஆக்கள் வரவேணும். எங்கடை ஊரிலை எத்தினை கந்தசாமி, எத்தினை கனகரத்தினம்? என்ரை அப்பாவும் கந்தசாமிதான். என்னெண்டு கண்டுபிடிக்கிறது?”

“நாடு, பிறந்த வருசம், பிள்ளையளின்ரை பேர், படம் எல்லாம் இருக்கும் அண்ணை. கண்டுபிடிக்கலாம்.”

“நீர்தானே சனத்தைக் கேட்டுச் செய்யவேணும் எண்டு சொன்னனீர்? சனம் சொல்லிப்போட்டுது. அதையெல்லே செய்யவேணும்?”

என் பாடத்தை எனக்கே ஒப்புவிக்கிறார், ஒரு சொல் பிழையில்லை. யோகனின் சதுரத்தில் கமரா நிறுத்தியிருந்தது, பெயர் மட்டும் தெரிந்தது. சாதி பார்க்கிறீர்கள் என்று அந்த மனிதரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆரும் சாதி பார்ப்பதில்லை. நாங்கள் குறிச்சிதான் பார்க்கிறோம்.

களைத்துப்போனவளுக்குச் சண்டை வராது, சட்டம்தான் வரும். அட்டை வேலையின் இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. நகரசபை அதிகாரிகளை எத்தனையோ தடவை அதைச் சொல்லி அடக்கியிருக்கிறேன்.

“சரி அண்ணை, செய்யிறன்” என்றேன். “ஆனால் எங்கடை வேலையிலை ஒரு விதி இருக்கு. பேர் இல்லாத பிரிவைத் தளத்திலை போடேலாது. மூண்டுக்குப் பேர் சொன்னனீங்கள். நாலாவதுக்குச் சொல்லேல்லை. ‘அங்காலை’ எண்டு மெனுவிலை எழுதேலாது. சரியான பேரைச் சொல்லுங்கோ, இப்பவே எழுதுறன். எல்லாரும் இருக்கினம்தானே.”

யாரோ ஒருவருடைய வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மணியம் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டுக்குள்ளும் கலியாணப் பேச்சிலும் அந்தப் பெயரை வாய்கூசாமல் சொல்லுகிற வாய்கள்தான். யோகனின் கறுத்த சதுரத்துக்கு முன்னால் அது வெளியே வரவில்லை.

“அப்ப அகரவரிசையிலையே விடுவம்” என்றார் சிவநேசன் அண்ணை கடைசியில், சலித்துப்போய். “தேடுற சனம் தேடிக் கஷ்டப்படட்டும்.”

யோகன் அந்த வரிசைக்கு மட்டும் ஒரு முழு வார இறுதியைச் செலவழித்தான். கணினியின் போக்கில் விட்டால் ‘ன’ ஓடிவந்து ‘ந’வுக்குப் பக்கத்தில் குந்திவிடும். தமிழ் ஒழுங்கு அதற்குத் தெரியாது. அவன் ஒவ்வோர் எழுத்தாக இருத்தி எழுதினான். விழாவில் பெரிய திரையில் திறந்தபோது கணபதிப்பிள்ளை, கதிரவேலு, கந்தசாமி, கந்தையா, கனகரத்தினம் என்று பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. சிவநேசன் அண்ணையின் தகப்பனும் யோகனின் தகப்பனும் அருகருகே. மண்டபம் கைதட்டியது. யோகன் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று திரையையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

6

இத்தோடு முடித்தால் நல்ல கதை. முடியவில்லை.

ஒவ்வொருவருடைய பக்கத்துக்கும் கீழே நினைவு எழுத ஓர் இடம் விட்டிருந்தோம். விழா முடிந்து சில கிழமைகளில் யோகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் மடிக்கணினி.

“அப்பான்ரை பக்கத்திலை முதலாவது ஆள் எழுதியிருக்கிறார்” என்று திறந்து காட்டினான்.

சிவநேசன் அண்ணை எழுதியிருந்தார். ‘எங்கடை கந்தன். நல்ல உழைப்பாளி. எங்கள் அப்பாவின் தோட்டம் முழுக்க இவன்தான் உழுதவன். ஒரு சொல்லுக்கு மறுசொல் சொல்லமாட்டான். நல்ல ஆத்மா. சாந்தியடையட்டும்.’

இரண்டு தரம் வாசித்தேன். அந்த மனிதர் இதை அன்போடுதான் எழுதியிருக்கிறார். உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருப்பார். தன்னைவிட மூத்த மனிதர் ஒருவரை ‘அவன்’ என்றும், கந்தையா என்ற பெயரை வெட்டிக் கந்தன் என்றும் எழுதுவதில் ஏதாவது இருக்கிறது என்பது அவருடைய மனதின் ஓரத்திலும் இல்லை. ஊரில் சின்னப்பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டிலும் வேறு விதமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஆரணி எங்கள் தோள்களுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “நல்லாத்தானே எழுதியிருக்கிறான்? ஏன் ரெண்டு பேரும் அழுற மாதிரி இருக்கிறீங்கள்?” என்று கேட்டாள்.

எழுதியிருக்கிறான். சிவநேசன் மாமாவைத்தான் சொல்லுகிறாள். நோர்வே மொழியில் அரசனுக்கும் பூனைக்கும் ஒரே ‘அவன்’தான். வழக்கமாகத் திருத்துவேன். அன்று யோகன் வாய்விட்டுச் சிரித்தான், நானும் சிரித்தேன். பிள்ளை ஒன்றும் விளங்காமல் அறைக்குள் போய்விட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் யோகன் கேட்டான்.

“அழிக்கட்டே அக்கா?”

“உனக்கு அழிக்க விருப்பமே?”

“இல்லை. அப்பாவைப் பற்றி எழுதின ஆள் அவர் ஒராள்தான்.” கொஞ்சம் யோசித்தான். “கடைசி எழுத்தை மட்டும் மாத்தினால் பிழையோ?”

பாவனையாளர் எழுதியதில் கை வைக்கக்கூடாது. இதையும் நான்தான் எல்லா இடத்திலும் சொல்லிக் கொடுப்பவள். என் வேலையில் நான் இன்னும் நம்பிக்கொண்டிருந்த மிச்சம் அது.

“மாத்து” என்றேன்.

‘இவன்தான்’ என்பதை ‘இவர்தான்’ என்றாக்கினான். உழுதவனை உழுதவராக்கினான். மாட்டானை மாட்டாராக்கினான். கந்தனில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு அதையும் கந்தையா ஆக்கினான். முதற் சொல்லுக்கு வந்தபோது நான், “அதையும் எடுக்கிறியோ?” என்று கேட்டேன்.

“எங்கடை எண்டதையோ? அது இருக்கட்டும் அக்கா. அது நல்ல சொல்லுத்தானே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சிவநேசன் அண்ணை தொலைபேசி எடுத்தார். மழையைப் பற்றிக் கதைத்தார், தன் முழங்காலைப் பற்றிக் கதைத்தார், மாமியைச் சுகம் கேட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றேன்.

“பிள்ளை, உந்தக் கந்… கந்தையாவின்ரை பக்கத்திலை நான் கொஞ்சம் எழுதினனான்.”

“ஓம் அண்ணை, பாத்தனான்.”

“எழுதேக்கை எழுத்துப்பிழை விட்டிட்டன் போலை கிடக்கு. ஆரோ திருத்தி விட்டிருக்கினம்.”

கேட்கிறாரா, சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“ஓம் அண்ணை” என்றேன். “எழுத்துப்பிழைதான்.”

மறுபக்கத்தில் அவர் கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது.

“சரி” என்றார். “திருத்தினது அப்பிடியே கிடக்கட்டும்.”